கப்பல் சுற்றிப் போன கடல்

சேகர், போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகள் கோமதியும் பொன்னேரிக்கு வந்துவிட்டு ரயிலேறிப் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நேரில் இருந்தபோது பேசாதவன் இப்போது தபாலில் எழுதுகிறானே என்று உனக்குத் தோன்றும். நேரில் பேசியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். நீயும் "சரி, உடு நைனா" என்று சொல்லி எழுந்து போயிருப்பாய். நம் இருவருக்கும் பழக்கம் அப்படி ஆகிவிட்டது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். கப்பலில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்துத் தேற்றிக்கொண்ட தமிழ் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ ஜப்பானுக்குப் புறப்படுமுன் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் கோமதி உன்னிடம் கேட்டாள் அல்லவா, "கடலுக்கடியில எரிமலையா? அவ்ளோ தண்ணி இருக்கச் சொல்ல அணைஞ்சிடாதா?" என்று. நீ சிரித்துக்கொண்டே அவளுக்கு விளக்கினாய். "அணையாது. கீழ உருகின பாறை கீது. அது மேல வர்றதுக்கு வழி தேடும். குறுக்க இருக்கிற கல்லைப் பொளந்துக்கினு வரும். பொளக்கச் சொல்ல சின்னச் சின்னதா பூமி அதிரும். மொதல்ல ரொம்ப ஆழத்துல அதிரும், அப்புறம் கொஞ்சம் மேல, அப்புறம் இன்னும் மேல. அதிர்ச்சி மேல ஏறிக்கினே வந்தா, அந்தக் கொழம்பும் ஏறுதுன்னு அர்த்தம்." உள்ளங்கையைக் கவிழ்த்துக் கடலாக்கி, மற்றொரு கையின் விரல்களை அதற்குக் கீழே குத்திக் குத்திக் காட்டினாய். "தீவுங்கள்ல மிஷின் வெச்சி, கடலுக்குள்ள மைக் மாரி ஒண்ணு எறக்கி, அதைக் கேட்டுக்கினு இருக்கிறதுதான் நான் போற எடத்துல வேலை" என்றாய். அவள் விடவில்லை. "அதிர்ந்தா கட்டாயம் வெடிக்குமா?" என்று கேட்டாள். "எங்க? நெறைய வாட்டி பாதி வழியில நின்னுடும். எது நிக்கும், எது வெடிக்கும்னு யாராலயும் அடிச்சிச் சொல்ல முடியாது" என்றாய். அப்போதுதான் நான் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். "நைனாவுக்கு நம்ம பேச்சு போரடிச்சிப் போச்சு" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. போரடித்து நான் போகவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ கையால் காட்டிய அந்த விஷயத்துக்கு மேலே, ஒரு கப்பலின் இன்ஜின் ரூமில் நான் நின்றிருக்கிறேன். நீ போகிற நாட்டுக்குத் தெற்கே உள்ள கடல் அது. உன் அம்மா பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்த அதே நாட்கள். நான் ஏன் வரவில்லை என்று ஊரில் யாராவது கேட்டால், "கப்பல் சுத்திக்கினு போச்சு, நேரமாயிடுச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அப்போது நீ மூன்றாம் வகுப்பு. நாம் காட்டுப்பள்ளியில் இருந்தோம். என் அண்ணன் தம்பிகள் எல்லாரும் வலைக்குப் போக, நான் ஒருவன்தான் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய் அலைந்து கப்பல் வேலை வாங்கினேன். இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. மெட்ராஸில் இரும்புத் தாது ஏற்றி ஜப்பானில் கொட்டுவோம். அந்த முறை கிளம்பும்போது உன் அம்மாவுக்கு நிறைமாதத்துக்கு இன்னும் காலம் இருந்தது. தேசம்மா பயப்படுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். கால்வாய்க் கரை வரைக்கும் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "இவ்ளோ பெரிய புள்ளைய இன்னாத்துக்குத் தூக்கற, அதுவும் இந்த நேரத்துல" என்று அதட்டினேன். "ஒனக்கு இன்னா போச்சு, என் புள்ள, நான் தூக்கறேன்" என்றாள். படகு நகர்ந்த பிறகும் உன்னை அவள் இறக்கிவிடவில்லை.

ஜப்பானில் தாதுவைக் கொட்டியதும், தெற்கே ஒரு தீவில் உரத்துக்கான கல்லை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. காலிக் கப்பல், நல்ல கடல். இரண்டொரு நாள் போனதும் ஒரு காலை ஜப்பான்காரர்களின் மீன்பிடிப் படகு ஒன்று பக்கத்தில் வந்தது. மரப்படகு, ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாளியில் கயிறு கட்டி மீனை அனுப்பினார்கள். எங்கள் சமையல்காரர் பதிலுக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு இறக்கினார். தலையில் துண்டு கட்டிய வயசாளி ஒருவர் மிளகாயை முழுசாகக் கடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்ட அவர் குதித்ததைப் பார்த்து அவருடைய ஆட்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு நாங்கள் போகிற திசையையே காட்டி, இரண்டு கையையும் அகல விரித்து, அங்கே மீன் இவ்வளவு, நாங்களும் அங்கேதான் போகிறோம் என்று சைகையில் சொன்னார். கடல் நடுவில் அங்கே தண்ணீருக்கு அடியில் ஒரு மேடு இருக்கிறது, அதில்தான் மீன் கூடும் என்று, வரைபடம் வைத்துக் கப்பலுக்கு வழி பார்க்கிற எங்கள் செகண்ட் மேட் பிறகு சொன்னார். நான் மீன்காரர் வீட்டில் பிறந்தவன். அந்த ஆளின் கைவிரிப்பு எங்கள் அப்பாவின் கைவிரிப்பு மாதிரியே இருந்தது.

அன்று மதியம் ரேடியோ ஆபீசர் மரியதாஸ் என்னைத் தேடிக்கொண்டு இன்ஜின் ரூமுக்கே இறங்கி வந்தார். தூத்துக்குடிக்காரர், அந்தக் கப்பலில் என்னோடு தமிழில் பேசிய ஒரே மனிதர். இன்ஜின் சத்தத்தில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. காதருகே வந்து, "அண்ணாச்சி, வீட்ல முடியலையாம். பிரசவத்துல பிள்ள தங்கலையாம். அவங்களுக்குக் காய்ச்சல் எறங்கலையாம். உங்கள வரச் சொல்லி ஆபீஸ் மூலமா செய்தி வந்திருக்கு" என்றார். கேப்டன் நல்ல மனிதர், பம்பாய்க்காரர், வயதானவர். போகிற வழியிலேயே விமானம் வந்துபோகிற தீவு ஒன்று இருந்தது. வாரத்துக்கு ஒன்றுதான். நேராகப் போனால் அதைப் பிடித்துவிடலாம், அங்கே இறக்கிவிடுகிறேன், ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி என் தோளைத் தொட்டார். நான் அப்போதே துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். வேலைக்கு இறங்கும்போதும் பெட்டியைப் படுக்கைமேல் தயாராக வைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மறுநாள் காலையில்தான் அது வந்தது. கையில் எண்ணெய்க் குவளையோடு நின்றிருந்தேன். காலடியில் இருந்த இரும்புத் தகடு திடீரென்று உதறியது. கப்பலுக்கு அடியில் ராட்சத நங்கூரச் சங்கிலி ஒன்று ஓடுகிற மாதிரி கடகடவென்று சத்தம். பாறையில் மோதிவிட்டோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சீஃப் இன்ஜினீயர் ஓடிவந்து இன்ஜினை நிறுத்தச் சொன்னார். புரொப்பெல்லர் தண்டு முறிந்துவிட்டதோ என்று அதன் நீளத்துக்கும் தடவிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இன்ஜின் நின்ற பிறகும் அது மறுபடி வந்தது. எந்த மிஷினும் ஓடாத அந்த அமைதியில் கப்பலின் அடித்தகடு தானாக நடுங்கியது, சேகர். சட்டியில் இருந்த எண்ணெய் வட்டம் வட்டமாகச் சுருங்கி விரிந்தது. மேலே போய்ப் பார்த்தால் கடல் அசையாமல் கிடக்கிறது. காற்றில்லை, அலையில்லை. அடிதட்டவே வழியில்லாத ஆழம் என்கிறார் செகண்ட் மேட்.

கொஞ்ச நேரத்தில் கப்பல் மெல்லத் திரும்புவது எனக்குத் தெரிந்தது. வெயில் வேறு பக்கத்தில் விழுந்தது. கடலில் பிழைக்கிறவனுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் உடுப்போடு கேப்டன் நிற்கிற இடத்துக்கே ஏறிப் போனேன். நாங்கள் போகக்கூடாத இடம் அது. மரியதாஸ் வாசலில் மறித்தார். "அண்ணாச்சி, கரையில மிஷின் வெச்சிக் கேக்காவ. கடலுக்கடியில அதிர்வு நாளுக்கு நாள் கூடிக்கிட்டே வருதாம். அந்த மேட்டுப் பக்கம் எந்தக் கப்பலும் வரக்கூடாது, தூரமா ஒதுங்கிப் போங்கன்னு சொல்லுதாவ. நாம நேரா அதும் மேலதான் போயிட்டிருந்தோம்."

"சுத்திக்கினு போனா பிளேன் கெடைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். நான் கத்தினேன். "கடலு கண்ணாடி மாரி கீது. எவனோ எங்கியோ உக்காந்துக்கினு மிஷின்ல ஊசி ஆடுதுன்னு சொன்னா கப்பலத் திருப்பிடுவீங்களா? என் பொண்டாட்டி சாவக் கெடக்கறா, சார்! அந்த ஊசிக்காரனுக்குத் தெரியுமா அது?" கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் என்ன கேட்கிறேன் என்று தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. கப்பலில் இருக்கிற ஆட்களை நினைத்துப் பார் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். அந்த ஆட்களைப் பற்றி அப்போது எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முகம் தெரியாத அந்த ஊசிக்காரனை, அவன் தாயை, அவன் பிள்ளைகளை, வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். மரியதாஸ் என்னைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த நாள் பகலில் வெடித்தது. நாங்கள் வெகுதூரம் விலகியிருந்தோம். அடிவானத்தில் முதலில் வெள்ளையாக ஒரு மேகம் எழும்பியது. அதைக் கிழித்துக்கொண்டு கறுப்பாக ஒன்று கிளம்பி, சேவல் வாலை விரித்த மாதிரி நாலா பக்கமும் வளைந்து விழுந்தது. சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் வந்தது, நெஞ்சுக்கூட்டில் குத்துவிட்ட மாதிரி. மறுபடி மறுபடி எழும்பிக்கொண்டே இருந்தது. செகண்ட் மேட் என்னைக் கூப்பிட்டு, வரைபடத்தில் நாங்கள் முதலில் போகவிருந்த பென்சில் கோட்டைக் காட்டினார். அந்த மேட்டை ஒட்டிப் போயிருந்தது அந்தக் கோடு. திரும்பாமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருப்போம் என்று விரலை அந்த மேட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

பிறகு கடலில் கல் மிதந்து வந்தது. பொரி உருண்டை மாதிரி ஓட்டை ஓட்டையாக, சாம்பல் நிறத்தில், பார்த்த இடமெல்லாம் கல். கப்பல் அவற்றை உரசிக்கொண்டு போனபோது உமியை மிதிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. வெந்து வெளுத்த மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. கற்களுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி வந்தது, அதன் பக்கவாட்டில் ஜப்பான் எழுத்து. மீன் போடுகிற பெட்டி. எங்களுக்கு மீன் கொடுத்தவர்களின் பெட்டிதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த மேட்டுப் பக்கம் போன ஒரு மீன்பிடிப் படகைக் காணவில்லை, தேடுகிறார்கள் என்று மரியதாஸுக்கு ரேடியோவில் செய்தி வந்தது. எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, போயும் மீனுக்கு ஆசைப்பட்டு நின்றார்களா, யாருக்கும் தெரியவில்லை. கடைசிவரை ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. அந்த ஆள் மிளகாயைக் கடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு மட்டும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது.

தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய்விட்டிருந்தது. அங்கே எனக்காக இரண்டாவது செய்தி காத்திருந்தது. மரியதாஸ் அதைப் படித்துவிட்டு வந்தார். என் எதிரே வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த விமானம் வரும்வரை என்னை அங்கே தங்கவிட தீவுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. கப்பலோடே போய், உரக்கல் ஏற்றி, வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து மெட்ராஸ் வந்து சேர்ந்தேன். கட்டி வைத்த பெட்டியை நான் வழியில் பிரிக்கவே இல்லை. ஒரே உடுப்பைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டேன்.

துறைமுக வாசலில் உன் மாமா எத்திராஜ் நின்றிருந்தான். "மச்சான், எங்களால ஆனதெல்லாம் பாத்துட்டோம். படகுல ஏத்தி, வண்டி வெச்சி, ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தோம். டாக்டரம்மா ஊட்டுக்கே போவாம கூடவே இருந்தாங்க. ஜொரம் எறங்கல" என்றான். பொன்னேரி போகிற ரயிலில்தான் மீதியைச் சொன்னான். தேசம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்ததாம். அவன் என்மேல் கோபத்தில் ஏதோ சொல்லப்போக, அவள் கையை ஆட்டித் தடுத்தாளாம். "அண்ணா, அவரு வந்தா கோச்சிக்காத. கப்பல நடுக்கடல்ல நிறுத்திட்டு எறங்கி வர முடியுமா? வந்துக்கினுதான் இருப்பாரு" என்றாளாம். இன்னொன்றும் சொன்னான். நீ தினமும் ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவாயாம். மெட்ராஸிலிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் நின்று, இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்ப்பாயாம். சோறு ஊட்டுவதற்குக்கூட உன்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்ததாம். அம்மா போன அன்றும் நீ பிளாட்பாரத்தில்தான் இருந்தாய். அங்கே வந்துதான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பொன்னேரியில் மாமா வீட்டு வாசலில் நீ என்னைப் பார்த்த பார்வை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தலை மொட்டை அடித்து, முடி கொஞ்சம் முளைத்திருந்தது. நான் குனிந்து உன்னைத் தூக்கப் போனேன். நீ பின்னால் நகர்ந்தாய். "இப்போ இன்னாத்துக்கு வந்தே? அம்மாதான் பூட்ச்சே" என்றாய். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, கண்ணு. ஒரு குழந்தை வேறு என்ன சொல்லும்? அம்மா சொன்னதை அப்போதே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தபோதெல்லாம், செத்தவளையே எனக்குச் சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கப்பல் ஏறவில்லை. எண்ணூர்ப் பக்கம் ஆலையில் பாய்லர் வேலை, இப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற இடம். பெரிய சுத்தியல் விழும்போது தரை அதிரும். முதல் சில மாதம் அந்த அதிர்ச்சியில் எனக்கு வேர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வந்தால் நீ இருப்பாய், புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு. உனக்கு நான் சோறு வடித்தேன், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தேன், காலேஜுக்கு நீ போன ரயிலுக்குப் பாஸ் எடுத்துக் கொடுத்தேன். பேச்சு மட்டும் நமக்குள் வளரவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோமதியிடம் நீ பேசியதுதான், இத்தனை வருஷத்தில் என் காதுபட நீ அதிகமாகப் பேசியது.

கிணற்றடியில் நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை காலம் அந்த ஊசிக்காரன், கல்லில் எழுதியதைப் படிக்கிற மாதிரி பார்த்து, நிச்சயமாகத் தெரிந்துதான் சொன்னான் என்று நினைத்திருந்தேன். அவனுக்கும் நிச்சயம் தெரியாது என்று நீ சொல்கிறாய். அதிர்வு கூடுகிறது, மேலே ஏறி வருகிறது, ஆனால் நின்றுவிடவும் கூடும். அப்படி நின்றுபோயிருந்தால் நான் அவனை மன்னித்திருக்கவே மாட்டேன். ஒன்றும் நடக்காத ஒரு கடலுக்காக என் தேசம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போனேனே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். வெடித்ததால் அவனிடம் எனக்குப் பகை இல்லை, நன்றிகூட உண்டு. ஆனால் வெடித்தாலும் நின்றாலும் அவன் செய்த வேலை ஒன்றுதானே? அவன் சொன்னதால் உன் அம்மா தனியாகப் போனாள். அவன் சொன்னதால்தான் உனக்கு அப்பன் என்று ஒருவன் மிஞ்சினான். இதில் எதை எதோடு கழித்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கழிக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

நீ இனிமேல் அந்த இடத்தில் உட்காரப் போகிறாய். உன் வேலை கரையிலா, கப்பலிலா என்று நான் இதுவரை கேட்கவில்லை. பயந்துகொண்டு கேட்கவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று யார் கூப்பிட்டாலும், அதிர்வு கூடுகிற நேரத்தில் போகாதே. உன் படிப்புக்கு இது முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் அப்பன் கேட்கிறேன், போகாதே. கோமதியை அங்கே தனியாக விட்டுவிடாதே. அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு வரும்வரை கூடவே கடைக்குப் போ. அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சொன்ன மாதிரியே பதில் சொல். என்னிடம் நீ பேசாமல் போனதுபோல அவளிடம் ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று கேட்கிறேன். ஒரு நாள் உன் மிஷின் ஆடும். கூடிக்கொண்டே வரும். சொல்வதா வேண்டாமா என்று நீ யோசிப்பாய். போன தடவை சொல்லி ஒன்றும் நடக்கவில்லையே, சிரித்தார்களே என்று தயங்குவாய். அந்தக் கடலில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கும். அதில் ஒருவன் பெட்டி கட்டி வைத்துவிட்டு யாரையோ பார்க்க அவசரமாகப் போய்க்கொண்டிருப்பான். உன்னால் அவன் போய்ச் சேர முடியாமல் போகும். அதை மறந்துவிட்டுச் சொல்லாதே, நினைத்துக்கொண்டே சொல். ஆனால் சொல்லிவிடு. அவன் உன்னைத் திட்டுவான், உன்னைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டுவான். திட்டட்டும், சேகர். உயிரோடு இருப்பவன்தான் திட்டுவான்.

விமானம் ஏறுகிற அன்று மீனம்பாக்கத்துக்கு வருகிறேன்.

உன் நைனா